16 ஏ4 பேப்பர்ல ஒரு பெரிய போஸ்டர்: காசு மிச்சமா, வேஸ்டா?



ஒரு படத்தைத் துண்டு துண்டா ஏ4 பேப்பர்ல பிரிண்ட் எடுத்து, ஒட்டி, சுவர் அளவுக்குப் போஸ்டர் ஆக்கறது ரொம்ப ஈஸியான வேலை. ஈஸியா இருக்கறதாலயே "கிட்டத்தட்ட ஃப்ரீ"ன்னு நினைச்சுடறோம். அங்கதான் பிரச்சினை.

என் கருத்தை நேரா சொல்லிடறேன். கலர் போட்டோன்னா வீட்டுல பிரிண்ட் பண்ணாதீங்க, கடைக்கே போங்க. வெறும் கோடும் கட்டமும் இருக்கற சார்ட்னா வீட்டுல பண்ணுங்க. அதுலயும் வீட்டுக் கடன் கட்டற சம்பளக்காரங்க முதல்ல பிரிண்ட் எடுக்க வேண்டியது அந்தக் கடனோட சார்ட்டைத்தான். கணக்கோட பார்ப்போம்.

செலவு பேப்பர்ல இல்ல, இங்க்ல இருக்கு

ஏ0 சைஸ்னா 841 x 1189 மில்லிமீட்டர். அதாவது சரியா 16 ஏ4 பேப்பர். 500 பேப்பர் கட்டு 300 ரூபாய்னு வச்சா, 16 பேப்பருக்கு 10 ரூபாய்கூட ஆகாது. நாம எல்லாரும் இதோட கணக்கை நிறுத்திடறோம்.

இப்ப கார்ட்ரிட்ஜ் பெட்டியைப் பாருங்க. "150 பக்கம் வரும்"னு போட்டிருந்தா, அது ஒரு பக்கத்துல சுமார் 5% இடத்துலதான் இங்க் படும்ங்கற கணக்கு. சாதாரண லெட்டருக்கு அது சரி. போட்டோவுல பாதிப் பக்கத்துக்கு இங்க் நிறைஞ்சாலே பத்து மடங்கு. அப்போ 150 பக்கம் வர்ற கார்ட்ரிட்ஜ்ல 15 பக்கம்தான் வரும். நமக்கு வேண்டியது 16! ஒரே போஸ்டர், ஒரு முழு கார்ட்ரிட்ஜ் காலி. அது 900 ரூபாய் கார்ட்ரிட்ஜ்னா உங்க "ஃப்ரீ" போஸ்டரோட விலை 900 ரூபாய்.

இதே ஏ0 சைஸ் கிட்டத்தட்ட 11 சதுர அடி. உங்க ஏரியா டிஜிட்டல் பிரிண்ட் கடை ரேட்டைக் கேட்டு 11-ஆல பெருக்கிப் பாருங்க. சதுர அடி 20 ரூபாய்னாலும் 220 ரூபாய்தான். ஒட்டின கோடு தெரியாது, கலரும் ஒரே மாதிரி இருக்கும்.

"இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கிட்டா?"ன்னு கேப்பீங்க. ஏற்கனவே இருந்தா தாராளமா பண்ணுங்க, இங்க் செலவு ரொம்பக் குறைவு. ஆனா போஸ்டருக்காகவே 12,000 ரூபாய் போட்டு வாங்கினா? வருஷத்துக்கு ரெண்டு போஸ்டர், அஞ்சு வருஷம்னு வச்சாலும் ஒரு போஸ்டருக்கு மெஷின் செலவு மட்டும் 1,200 ரூபாய்.

கோடும் கட்டமும் மட்டும் இருக்கற சார்ட் கதையே வேற. பக்கத்துக்கு 5% இங்க்கூட போகாது. பிரிண்டர் இல்லாதவங்க ஜெராக்ஸ் கடையில கருப்பு வெள்ளையில பக்கம் 3 ரூபாய்னு எடுத்தாலும் 48 ரூபாய்தான்.

சரி, அதுல என்ன போடறது?

30 லட்ச ரூபாய் வீட்டுக் கடன், 8.5% வட்டி, 20 வருஷம்னு எடுத்துக்கோங்க. இஎம்ஐ சுமார் 26,035 ரூபாய். சார்ட்ல ஒரு கட்டம் 10,000 ரூபாய் அசல்னு வச்சா மொத்தம் 300 கட்டம். அகலத்துல 15, உயரத்துல 20.

முதல் மாசம் 26,035 கட்டறீங்க. அதுல 21,250 வட்டிக்கே போயிடும். அசல்ல குறையறது 4,785. முதல் கட்டத்துல பாதியைக்கூட கலர் அடிக்க முடியாது. ஒரு வருஷம் முழுக்க 3.12 லட்சம் கட்டி முடிச்சும், நிறைஞ்சது ஆறு கட்டத்துக்கும் கம்மி. மீதி 294 கட்டம் வெள்ளையா உங்களையே பார்த்துட்டு இருக்கும்.

வலிக்குதா? வலிக்கணும். இஎம்ஐ போனதும் வர்ற மெசேஜ் 26,035 டெபிட்னு மட்டும்தான் சொல்லும். ஆப்ல அசல் விவரம் இருக்கும், ஆனா நீங்க தேடிப் போய்ப் பார்த்தாதான் தெரியும். சுவர்ல இருக்கறதைத் தேட வேண்டாம். வீட்டுல மத்தவங்களும் பார்ப்பாங்க. "இந்த போனஸை என்ன பண்ணலாம்?"ங்கற பேச்சு தானா வரும்.

முதல் வருஷ முடிவுல 50,000 ரூபாய் போனஸை அப்படியே அசல்ல கட்டினா, ஒரே நாள்ல அஞ்சு கட்டம். இஎம்ஐயைக் குறைக்காம அப்படியே வச்சுட்டா, கடன் சுமார் 9 மாசம் முன்னாடியே முடியும். அந்த 9 மாச இஎம்ஐ 2.3 லட்சத்துக்கு மேல. ஃப்ளோட்டிங் ரேட் வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே கட்டினா வங்கி அபராதம் வாங்கக் கூடாதுங்கறது ரிசர்வ் வங்கி விதி. இஎம்ஐயைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறைங்கன்னு மட்டும் வங்கியில தெளிவா எழுதிக் கொடுத்துடுங்க.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. ஆறு மாச செலவுக்கு அவசர நிதி இல்லாதவங்க கடனை முன்கூட்டி அடைக்க ஓடாதீங்க. முதல்ல அவசர நிதிக்கு ஒரு சார்ட் போடுங்க.

பிரிண்ட் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது

எக்ஸெல்ல கட்டம் போட்டு, ஒரே ஏ4 பக்கத்துக்குள்ள அடக்கி, பிடிஎஃப்பா சேவ் பண்ணுங்க. அடோபி ரீடர்ல பிரிண்ட் கொடுத்து "போஸ்டர்" செலக்ட் பண்ணுங்க. டைல் ஸ்கேல் 400%னு போட்டா 16 பேப்பர் வரும்னு தோணும். வராது. பிரிண்டர் நாலு ஓரத்துலயும் கொஞ்சம் இடம் விடும், ஒட்டறதுக்கு ஓவர்லாப்பும் வேணும். அதனால 25 பேப்பருக்குத் தாவிடும். 370% பக்கம் குறைச்சு, ப்ரிவ்யூல 16னு வருதான்னு பார்த்துட்டு பிரிண்ட் கொடுங்க. போஸ்டர் சுமார் இரண்டரை அடிக்கு மூணரை அடி வரும். அதுவே தாராளம்.

"கட் மார்க்ஸ்", "லேபிள்ஸ்" ரெண்டையும் டிக் பண்ணிடுங்க, எந்தப் பேப்பர் எங்கேன்னு குழம்பாது. ஒவ்வொரு பேப்பர்லயும் வலது ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் மட்டும் வெட்டினா போதும். முதல்ல வரிசை வரிசையா ஒட்டுங்க, அப்புறம் நாலு வரிசையையும் சேருங்க.

வாடகை வீடா? டபுள் சைடு டேப் போட்டு சுவர்ல ஒட்டாதீங்க. பெயிண்ட் உரிஞ்சா காலி பண்றப்போ அட்வான்ஸ்ல கழிப்பாங்க. 48 ரூபாய் போஸ்டருக்கு அது ரொம்ப அதிகம். பின்னாடி ஒரு அட்டை வச்சு, கயிறு கட்டி, இருக்கற ஆணியில மாட்டிடுங்க.

ஆபீஸ் பிரிண்டர்ல எடுத்துக்கலாமேன்னு நினைக்கறவங்களுக்கு: அது கம்பெனி காசு. போதாக்குறைக்கு உங்க கடன் எவ்வளவுன்னு டிரேல கிடக்கற பேப்பரைப் பார்த்து ஆபீஸே தெரிஞ்சுக்கும்.

அடுத்த சம்பளம் வர்றதுக்குள்ள உங்க லோன் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, இதுவரைக்கும் எத்தனை கட்டம் நிறைஞ்சிருக்குன்னு கணக்குப் போடுங்க. அந்த நம்பரை மட்டும் கமெண்ட்ல சொல்லுங்க, அக்கவுண்ட் நம்பரை யாருக்கும் சொல்லாதீங்க!