டாக்டர் திரையில், மொழிபெயர்க்கப் பேத்தி

அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மென்பொருளைப் புனேயில் உட்கார்ந்து எழுதும் கூட்டத்தில் அடியேனும் ஒருவன். 2020-ல் கொரோனா வந்ததும் அங்கே டாக்டரை வீடியோவில் பார்ப்பது சில வாரங்களில் சகஜமாகிவிட்டது. கீமோ எடுப்பவர்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைவு, வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்ப்பது வரப்பிரசாதம் என்றார்கள். வாஸ்தவம்தான், இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு!

அந்த நாட்டில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கும் மேல். எல்லோருக்கும் இங்கிலீஷ் தகராறு இல்லை. ஆனால் தகராறு உள்ள ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். நேரில் போனால் யாராவது கைகாட்டுவார்கள், மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவார்கள். வீடியோ என்றால்? முதலில் இங்கிலீஷில் ஒரு குறுஞ்செய்தி, அப்புறம் ஈமெயில், பாஸ்வேர்டு... மொழிபெயர்ப்பாளர் இருப்பது இதையெல்லாம் தாண்டி உள்ளே!

விளையாட்டு விஷயமில்லை இது. 100.4 டிகிரி காய்ச்சலுக்கு நாம் ஒரு மாத்திரை போட்டுப் படுத்துக்கொள்வோம். கீமோ எடுப்பவர் அப்படி இருக்கக் கூடாது, உடனே கூப்பிட வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்த உடம்பில் சில மணி நேரத்திலேயே கிருமி உயிருக்கு உலை வைத்துவிடும். இது பாட்டி காதில் அவர் மொழியில் விழ வேண்டாமா? இன்னொன்று கேளுங்கள். மருந்துச் சீட்டில் 'ஒரு தடவை' என்பதற்கு எழுதும் 'ஒன்ஸ்' இருக்கிறதே, அதே நாலு எழுத்துக்கு ஸ்பானிஷில் பதினொன்று என்று அர்த்தம்!

பள்ளிக்கூடமும் வீட்டிலேயே நடந்த காலம் அது. பக்கத்தில் இருப்பது பேத்திதான். அவசரம் தவிர மற்ற நேரங்களில் சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016-லேயே அங்கே விதி வந்துவிட்டது. வீட்டுக்குள் அதை யார் பார்ப்பது? ஊரிலிருந்து வந்த அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனால் நாமும் ஹிந்தி தெரிந்த பையனைத்தானே முன்னால் தள்ளுகிறோம்! சளிக்கும் மூட்டுவலிக்கும் பரவாயில்லை. 'கட்டி ஈரலுக்குப் பரவிவிட்டது' என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும்?

என்னைக் கேட்டால் சாதாரண டெலிபோனே மேல். மணி அடித்தால் எடுக்க எந்தப் பாட்டிக்கும் தெரியும். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 2020 ஏப்ரல் கடைசியில், போனில் பேசுவதற்கும் நேரில் பார்ப்பதற்கு இணையான கட்டணம் என்று அறிவித்தது. எனக்குப் பிடித்த முடிவு அது. தோல் தடிப்பு போனில் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். கட்டியைத் தொட்டுப் பார்க்க வீடியோவிலும்தான் முடியாது. அதற்கு நேரில் வரச் சொல்ல வேண்டியதுதான்.

எங்கள் மீட்டிங்குகளில் மொழி என்றாலே 'அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம்' என்பார்கள். அந்த முதல் குறுஞ்செய்தியாவது இந்த வெர்ஷனிலேயே ஸ்பானிஷில் போகட்டும். கூடவே ஒரு போன் நம்பர். எடுப்பவர் ஸ்பானிஷ் பேசுகிறவராக இருக்க வேண்டும்.