கை சும்மா இருந்தால் போதுமா?

சின்னக் கார் வாங்க வேண்டும் என்பது இன்று பல குடும்பங்களின் ஆசை. கடன் வாங்கியாவது ஒரு கார் வாங்கி விடுகிறார்கள். கார் விற்பவர் முதலில் எதைக் காட்டுகிறார்? பிரேக்கையா? டயரையா? இல்லை. முன்னால் இருக்கும் திரையைத்தான் காட்டுகிறார்.

"இதில் பாட்டுக் கேட்கலாம். போனைக் கையில் எடுக்காமலே பேசலாம். போலீஸ் பிடிக்குமோ என்ற பயமே வேண்டாம்!" என்கிறார்.

கேட்பவருக்கு மகிழ்ச்சி. வீட்டில் உள்ளவர்களுக்கு நிம்மதி. கை ஸ்டீரிங்கில் இருக்கிறது, அப்புறம் என்ன ஆபத்து என்று நினைக்கிறார்கள்.

இந்த நிம்மதி சரிதானா? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ரேடியோ வந்த கதை

காருக்குள் பாட்டு புதிதல்ல. 1930-ம் ஆண்டில் அமெரிக்காவில் கால்வின் என்ற சகோதரர்கள் கார் ரேடியோ செய்து விற்றார்கள். "மோட்டார்" என்ற சொல்லை வைத்து அதற்கு "மோட்டரோலா" என்று பெயர் கொடுத்தார்கள். பிறகு அதுவே கம்பெனியின் பெயராகி விட்டது.

ரேடியோவுக்குப் பின்னால் டெலிபோன் வந்தது. 1946-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி, அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரில், ஓடும் காரில் இருந்து பேசும் டெலிபோன் தொடங்கப்பட்டது. அதன் எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 36 கிலோ! அரிசி மூட்டை போல அதைக் காரின் பின்பெட்டியில் வைக்க வேண்டி இருந்தது.

இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி நடந்தது. மேற்கு வங்காள முதல்-மந்திரி ஜோதிபாசு கல்கத்தாவில் இருந்து பேசினார். டெல்லியில் மத்திய மந்திரி சுக்ராம் கேட்டார்.

இன்று செல்போன் சட்டைப்பையில் இருக்கிறது. காருக்குள் வந்ததும் கம்பி இல்லாமலே காரோடு சேர்ந்து கொள்கிறது. இப்படிச் சேர்க்கும் முறைக்குப் "புளூடூத்" என்று பெயர். புளூடூத் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் டென்மார்க் நாட்டை ஆண்ட ஒரு ராஜாவின் பட்டப்பெயர்! "நீலப்பல்" என்று பொருள்.

ஸ்டீரிங்கில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பேசலாம். தலைக்கு மேலே சிறிய மைக் இருக்கும். எதிர்முனையில் பேசுவது ரேடியோ ஒலிபெருக்கியில் கேட்கும். இதைத்தான் "ஹேண்ட்ஸ் பிரீ", அதாவது கை படாத போன் என்கிறார்கள்.

கை சும்மா இருக்கிறது. சரி. மனம் எங்கே இருக்கிறது?

நாலு மடங்கு ஆபத்து

இந்தக் கேள்விக்குக் கனடா நாட்டில் இரண்டு அறிஞர்கள் விடை தேடினார்கள். ஒருவர் டாக்டர் ரெடல்மேயர். இன்னொருவர் கணக்கு நிபுணர் திப்ஷிரானி.

செல்போன் வைத்திருந்து, காரை மோதியவர்கள் 699 பேரை எடுத்துக்கொண்டார்கள். மோதிய நேரத்தில் அவர்கள் போன் பேசினார்களா என்று போன் கணக்கைப் பார்த்தார்கள். முடிவை 1997-ம் ஆண்டு வெளியிட்டார்கள்.

போன் பேசும்போது மோதும் ஆபத்து நாலு மடங்கு ஆகிறது என்று தெரிந்தது. கையில் பிடித்துப் பேசினாலும் சரி, கை படாமல் பேசினாலும் சரி, வித்தியாசம் தெரியவில்லை!

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் இதே போன்ற ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2005-ம் ஆண்டில் வெளிவந்தது. விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த 456 பேரை விசாரித்தார்கள். அங்கும் அதே நாலு மடங்குதான். அங்கும் கை படாத போன் காப்பாற்றவில்லை.

பார்த்தும் பார்க்காத கண்

ஏன் இப்படி?

அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்ட்ரேயர் இதைச் சோதித்தார். அவருடைய சோதனை முடிவு 2001-ம் ஆண்டு வெளிவந்தது. கார் ஓட்டுவது போன்ற பயிற்சியில் மாணவர்களை உட்கார வைத்தார். இடையிடையே சிவப்பு விளக்கு எரியும். உடனே பிரேக் போட வேண்டும்.

ரேடியோ கேட்டவர்கள் ஒழுங்காகப் பிரேக் போட்டார்கள். போனில் பேசியவர்கள் இரண்டு மடங்கு விளக்குகளைத் தவற விட்டார்கள். இங்கும் கைப்போனுக்கும் கை படாத போனுக்கும் வேற்றுமை இல்லை.

பாட்டு நம்மிடம் பதில் கேட்பதில்லை. ரோட்டில் மாடு குறுக்கே வந்தால் பாட்டை மறந்து விடுகிறோம். ஆனால் போனில் பேசுபவர் பதில் கேட்கிறார். "கடன்காரனுக்கு என்ன சொன்னீங்க?" என்று கேட்டால், மனம் ரோட்டை விட்டுக் கடன்காரன் வீட்டுக்குப் போய் விடுகிறது!

2003-ம் ஆண்டு அதே பேராசிரியர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். போனில் பேசுகிறவரின் கண் ஒரு பலகையைப் பார்க்கிறது. ஆனால் அதைப் பார்த்த நினைவு அவருக்கு இருப்பதில்லை. கண் திறந்திருக்கிறது, மனம் மூடியிருக்கிறது.

பக்கத்தில் இருப்பவர் பேசினால்?

"காருக்குள் மனைவி பேசுகிறாள், பிள்ளைகள் பேசுகிறார்கள். அது மட்டும் பரவாயில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

அதையும் 2008-ம் ஆண்டு சோதித்தார்கள். குறிப்பிட்ட இடத்தில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்ப வேண்டும் என்று சொல்லி வைத்தார்கள். போனில் பேசியபடி ஓட்டியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்த இடத்தைத் தாண்டிப் போய் விட்டார்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசியவர்களில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள்.

காரணம் எளிது. பக்கத்தில் இருப்பவரும் ரோட்டைப் பார்க்கிறார். லாரி வந்தால் பேச்சை நிறுத்துகிறார். "பார்த்துப் போங்க!" என்கிறார். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது. அவர் பேசிக்கொண்டே இருப்பார்.

ஆனால் பின் சீட்டில் பிள்ளைகள் சண்டை போட்டால் அது வேறு கதை. அதற்கும் காரை ஓரமாக நிறுத்துவதுதான் வழி.

பெரிய திரையின் தொல்லை

எல்லா ஆராய்ச்சியும் ஒரே மாதிரி சொல்லவில்லை என்பதையும் சொல்லி விட வேண்டும். அமெரிக்காவில் 100 கார்களில் காமிரா வைத்து, ஒரு வருடத்துக்கு மேல் பார்த்தார்கள். முடிவு 2006-ல் வந்தது. அதில் பேச்சை விட, போனில் எண்ணை அழுத்துவதே அதிக ஆபத்து என்று தெரிந்தது. ரோட்டில் இருந்து கண்ணை எடுப்பதுதான் பெரிய எமன்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடி விடும். பாட்டு மாற்றத் திரையை மூன்று வினாடி பார்த்தால் 50 மீட்டர்! அந்த 50 மீட்டரும் நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

சுவீடன் நாட்டில் ஒரு மோட்டார் பத்திரிகை 2022-ல் ஒரு போட்டி வைத்தது. ரேடியோவைத் திருப்புவது போன்ற சின்ன வேலைகளை ஓடும் காரில் செய்யச் சொன்னது. பொத்தான்கள் உள்ள 2005-ம் ஆண்டுப் பழைய கார் ஒன்றில் 10 வினாடியில் முடிந்தது. திரை உள்ள புதிய கார் ஒன்றில் சுமார் 45 வினாடி ஆயிற்று. அதற்குள் அந்தக் கார் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடி விட்டது!

ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் "யூரோ என்கேப்" அமைப்பு இதைக் கவனித்தது. 2026-ம் ஆண்டு முதல் புதிய விதி வைத்தது. ஹாரன், கண்ணாடி துடைப்பான், திரும்பும் விளக்கு, அபாய விளக்கு போன்றவற்றைத் திரைக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. பொத்தானோ கைப்பிடியோ தனியாக இருந்தால்தான் முழு மதிப்பெண். பழைய பொத்தானுக்கு மறுபடி மவுசு வந்து விட்டது!

சட்டம் எதைப் பார்க்கிறது?

நமது நாட்டு நிலவரம் என்ன?

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஒரு நாளைக்கு 460 பேருக்கு மேல்! அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் இடம் தமிழ்நாட்டுக்கு. இத்தனைக்கும் போன்தான் காரணம் என்று சொல்ல முடியாது. வேகமே பெரிய காரணம். ஆனால் வேகமாகப் போகிறவரின் மனமும் வேறிடத்தில் இருந்தால் கேட்க வேண்டுமா?

மோட்டார் வாகனச் சட்டத்தைப் பார்லிமெண்டு 2019-ல் திருத்தியது. ஓட்டும்போது கையில் பிடித்துப் போன் பேசுவது, ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்க்கப்பட்டது. முதல் தடவைக்கு ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை ஜெயில், அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாதபடி போனைப் பயன்படுத்தலாம் என்று 2020-ல் விதி வந்தது.

கவனியுங்கள். சட்டம் பிடிப்பது கையைத்தான். போலீஸ்காரரால் கையில் இருக்கும் போனைப் பார்க்க முடியும். மனத்துக்குள் ஓடும் பேச்சை எப்படிப் பார்ப்பார்? அதனால் "கை படாத போன் சட்டப்படி குற்றம் இல்லை" என்பதை, "கை படாத போனில் ஆபத்து இல்லை" என்று நாம் மாற்றிப் புரிந்துகொண்டோம். இரண்டும் ஒன்றல்ல.

அழைப்பது யார்?

காரில் போகிறவருக்குப் போன் வருகிறதே, அழைப்பது யார்? பெரும்பாலும் வேற்று ஆள் அல்ல. வீட்டில் இருந்து மனைவி அழைக்கிறார். "எங்கே வர்றீங்க? வரும்போது தக்காளி வாங்கி வாங்க" என்கிறார். அம்மா அழைக்கிறார். "சாப்பிட்டியாப்பா?" என்கிறார். ஆபீசில் இருந்து முதலாளி அழைக்கிறார். எடுக்கா விட்டால் கோபித்துக்கொள்கிறார்.

வாடகைக் கார் ஓட்டுபவரின் பாடு இன்னும் கஷ்டம். "எங்கே இருக்கீங்க? எவ்வளவு நேரம் ஆகும்?" என்று சவாரிக்காரர் ஓயாமல் அழைக்கிறார். எடுக்கா விட்டால் சவாரி போய் விடும். எடுத்தால் உயிருக்கு ஆபத்து. வயிற்றுப்பாட்டுக்காக அவர் எடுக்கிறார்.

அன்பினால்தான் அழைக்கிறோம். ஆனால் அந்த அன்பே ஆபத்தாகி விடக் கூடாது. ஓட்டுகிறவரைப் பாதுகாக்கும் பொறுப்பில் பாதி, அழைப்பவரிடம் இருக்கிறது. எந்தச் சட்டமும் செய்ய முடியாததைக் குடும்பம் செய்ய முடியும்.

வீட்டுச் சட்டம்

இதற்குச் செலவு இல்லை. நாலு பழக்கம் போதும்.

புறப்படும் முன்பே பாட்டையும் வழியையும் போட்டு விடுங்கள். ஆம்புலன்சின் ஒலியும் ஹாரனும் காதில் விழும்படி சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

பக்கத்தில் ஆள் இருந்தால் போனை அவரிடம் கொடுத்து விடுங்கள். "வண்டி ஓட்டுகிறார், பிறகு பேசுவார்" என்று அவர் சொல்லட்டும்.

வீட்டில் இருப்பவர் அழைத்தால், முதல் கேள்வி "வண்டி ஓட்டுறியா?" என்பதாக இருக்கட்டும். "ஆமாம்" என்று பதில் வந்தால் உடனே வைத்து விடுங்கள். அதில் கோபம் வேண்டாம்.

அவசரமாகப் பேசித்தான் ஆக வேண்டுமா? பத்திரமான இடத்தில் ஓரமாக நிறுத்திப் பேசுங்கள். பேசி முடித்ததும் சற்றுப் பொறுத்துப் புறப்படுங்கள். திரையோடு பேசி வேலை வாங்கிய பிறகு கவனம் முழுதாகத் திரும்ப 27 வினாடி வரை ஆகலாம் என்று 2015-ல் ஓர் ஆராய்ச்சி சொன்னது.

போன் உதவும் நேரம்

போன் கெட்டதல்ல. வண்டி நின்ற பிறகு அதைப் போல உதவி வேறில்லை.

நெடுஞ்சாலையில் கார் கெட்டு நின்றால் அபாய விளக்கைப் போடுங்கள். எல்லோரும் இறங்கி ரோட்டை விட்டுத் தள்ளி நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அடிபட்டிருந்தால் 108.

காரைக் கயிறு கட்டி இழுக்க நேர்ந்தால் எச்சரிக்கை. பல சின்னக் கார்களில் அதற்கென்று ஒரு கொக்கி, ஸ்டெப்னி டயரோடு இருக்கும். அதை மாட்ட வேண்டிய இடம் காரோடு வந்த கைப்புத்தகத்தில் இருக்கிறது. எஞ்சின் ஓடா விட்டால் பிரேக்கும் ஸ்டீரிங்கும் கல் போல இறுகி விடும். மெதுவாகத்தான் இழுக்க வேண்டும். தானியங்கி கியர் கார்களையும் மின்சாரக் கார்களையும் கயிற்றில் இழுப்பதை விட, லாரியில் ஏற்றிக்கொண்டு போவதே நல்லது.

இழுக்கப்படும் காரில் இருப்பவர் முன் வண்டிக்காரரோடு போனில் பேசிக்கொண்டே போகக் கூடாது. நிறுத்த வேண்டும் என்றால் எத்தனை ஹாரன் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அங்கும் இதே பாடம்தான்: பேச வேண்டியதை நிற்கும்போதே பேசி விடுங்கள்.

தக்காளி நாளைக்கும் வாங்கலாம். முதலாளியின் கோபம் சாயங்காலம் தணிந்து விடும். காரில் போனவர் முழுசாக வீடு வந்து சேர வேண்டும். அதற்காக, அவர் ஓட்டும்போது நாம் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்போம்.