செயலுரிமைப் படிவத்தில் இல்லாத ஒரு கட்டம்

'மருத்துவரின் தகுதி' என்னும் தொடர் இரு வேறு வினாக்களை ஒன்றாக்கிவிடுகிறது. இவருடைய பட்டமும் மருத்துவக் கழகப் பதிவும் மெய்யா என்பது முதல் வினா. இந்த மருத்துவமனையில் எந்தெந்தச் சிகிச்சையை இவர் தாமே செய்யலாம் என்பது இரண்டாவது. முன்னது சான்று சரிபார்ப்பு. பின்னது செயலுரிமை வழங்கல். எம்.எஸ். பட்டம் பெற்ற அறுவை மருத்துவர் ஒருவருக்குக் குடலிறக்கத்தைத் திறந்து சரிசெய்யும் உரிமை கிடைக்கலாம். அதையே லேப்ராஸ்கோப்பி வழியாகச் செய்ய மூத்தவரின் மேற்பார்வை வேண்டுமெனக் குழு விதிக்கலாம். என்.ஏ.பி.எச். தரச்சான்று பெறும் இந்திய மருத்துவமனைகள் கல்வி, பதிவு, பயிற்சி, அனுபவம் ஆகியவற்றைக் கொண்டு இதை முடிவுசெய்கின்றன. இந்த நான்கில் மொழி இல்லை.

மாநில அரசுக் கல்லூரிகளின் முதுநிலை மருத்துவ இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்லும் நாடு இது. தில்லியில் பணியேற்ற தமிழ் மருத்துவரிடம் நோயாளி ஒருவர் 'கப்ராஹட்' என்கிறார். அகராதி 'பதற்றம்' என்று பொருள் தரும். பேச்சிலோ அச்சொல் மனக்கலக்கத்தையும் குறிக்கும், நெஞ்சுப் படபடப்பையும் குறிக்கும். உடனே இ.சி.ஜி. எடுப்பதா, ஆறுதல் கூறி அனுப்புவதா என்பது மருத்துவர் அடுத்துக் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. அதைக் கேட்க இந்தி வேண்டும்.

நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கவேண்டும் என்று அதே தரநெறிகள் வேறோர் இயலில் கூறுவது உண்மையே. ஆயினும் அது நிறுவனத்தின் பொதுக் கடமையாகவே நின்றுவிடுகிறது. மேலும், விளக்குவது வேறு, கேட்டறிவது வேறு. நோயறிதல் பெரிதும் சார்ந்திருப்பது பின்னதை.

மொழியைத் தகுதியாக்கினால் பிற மாநிலத்தவரை விலக்கும் கருவியாக அது மாறும் என்னும் அச்சம் நியாயமானது. அதற்கான விடை செயலுரிமை முறைக்குள்ளேயே உள்ளது. அறுவைக்குத் 'தனித்து', 'மேற்பார்வையில்' என்ற படிகள் இருப்பதுபோல, நோய்வரலாறு கேட்பதற்கும் 'பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் துணையுடன்' என்றொரு படி இருக்கலாம். எவரும் வெளியேற்றப்படார். மொழிபெயர்ப்பாளரின் சம்பளம் மருத்துவமனைக் கணக்கில் ஏறும் (அந்தக் கட்டம் படிவத்தில் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்). இப்போது அவ்வேலையைச் செய்பவர் வார்டு உதவியாளர், அல்லது உடன்வந்த மகன். வெள்ளைப்படுதலைச் சொல்ல வந்த தாய், மகன் வாய்வழி அதைச் சொல்ல இயலாமல், வயிற்றுவலி என்று மட்டும் கூறி மாத்திரையுடன் திரும்புகிறார்.