இறையுரிமையா, இரவல் குரலா?

வரிப்பணம் வாங்கிக்கொள் என்கிறது ஆணையம். வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்று வழக்குமன்றப் படியேறுகிறது அரசு! கட்டுக்கதை அல்ல, தோழர்களே! அயர்லாந்தில் நடந்த நிகழ்ச்சி இது.

2016 ஆகஸ்டு 30 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாகப் பீடமான ஐரோப்பிய ஆணையம், போட்டித்துறைப் பொறுப்பாளர் மார்கரெத் வெஸ்டேகர் வாயிலாக ஓர் ஆணை பிறப்பித்தது. ஆப்பிள் நிறுவனம் செலுத்தாது விட்ட வரி 1,300 கோடி யூரோ வரை. அயர்லாந்து அரசு அதனை வட்டியுடன் வசூலித்தாக வேண்டும்!

எப்படிச் சேர்ந்தது இவ்வளவு பாக்கி? ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும், ஏன், நமது இந்தியாவிலும் விற்ற சரக்கின் இலாபம், அயர்லாந்தில் பதிவான கிளை நிறுவனம் ஒன்றின் கணக்கில் குவிந்தது. அதில் பெரும்பகுதி 'தலைமை அலுவலகத்துக்கு' உரியதென எழுதப்பட்டது. அந்தத் தலைமை அலுவலகத்துக்குக் கட்டடம் இல்லை, ஊழியர் இல்லை, எந்த நாட்டிலும் இருப்பிடம் இல்லை! இல்லாத ஊருக்கு இலாபம் போயிற்று. இல்லாத ஊரில் வரி ஏது? இந்த மாயத்துக்கு 1991லும் 2007லும் ஒப்புதல் முத்திரை குத்திற்று அயர்லாந்து வரித்துறை. ஆணையத்தின் கணக்குப்படி, 2014ல் 10 இலட்சம் யூரோ இலாபத்துக்குக் கட்டிய வரி 50 யூரோ! நாட்டின் நிறுவன வரியோ நூற்றுக்கு 12.5.

ஒருவனுக்கு மட்டும் தரப்படும் சலுகை, அவனோடு போட்டியிடும் மற்றவர் தலையில் விழும் அடி. எனவேதான், போட்டியைக் குலைக்கும் அரசுச் சலுகைக்கு 1957ஆம் ஆண்டு ரோம் உடன்படிக்கையிலேயே தடை எழுதப்பட்டது. அயர்லாந்து தானே விரும்பிச் சேர்ந்து, கையொப்பமிட்டு ஏற்றுக்கொண்ட விதி அது.

ஆயினும் எழுந்தது கூக்குரல்! வரி விதிப்பது எமது இறையுரிமை, பிரஸ்ஸல்ஸ் யார் கேட்பதற்கு என்றனர். மேல்முறையீட்டுக்கு அந்நாட்டு நாடாளுமன்றமும் ஆதரவு வாக்களித்தது. நாம் கேட்கிறோம்: 12.5 என்ற விகிதத்தை ஆணையம் மாற்றச் சொன்னதா? இல்லை! தெருமுனை ரொட்டிக் கடைக்காரருக்குப் பொருந்தும் சட்டம் ஆப்பிளுக்கும் பொருந்தட்டும் என்றது. பணத்தில் ஒரு காசேனும் பிரஸ்ஸல்ஸ் கேட்டதா? அதுவும் இல்லை. பிறகு எந்த உரிமை பறிபோயிற்று? மறுத்துப் பேசியது அரசின் வாய், ஆதாயம் நிறுவனத்துக்கு!

அயர்லாந்தை ஏளனம் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. 1980 முதல் கார்க் நகரில் ஆப்பிள் வேலை தருகிறது. ஆலை அகன்றால் அடுப்பு அணையுமே என்ற அச்சம் சிறு நாட்டுக்கு இயற்கை. அந்த அச்சமே பெருமுதலாளியின் ஆயுதம். நாட்டுக்கு நாடு சலுகை ஏலம் விட்டால், வெல்பவன் ஒருவன்தான். அவன் எந்த நாட்டுக்கும் குடிமகன் அல்லன்! ஏலத்தை நிறுத்த, எல்லா நாடுகளுக்கும் பொதுவான அதிகாரம் தேவை.

மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காதோர் கையில் இத்தனை வலிமையா என்று கேட்போர் உண்டு. கேட்கத்தக்க கேள்விதான். விடை, நீதிமன்றம். 2009ல் இன்டெல் மீது ஆணையம் விதித்த 106 கோடி யூரோ அபராதத்தை 2022ல் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் நீக்கிற்று. 2024ல் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆப்பிள் வழக்கிலும் 2020ல் ஆணையம் தோற்றது. 2024 செப்டம்பர் 10 அன்று வந்த இறுதித் தீர்ப்பில்தான் வென்றது. கடிவாளம் உள்ள குதிரை அது. கடிவாளமே இல்லாதது கண்டங்களைத் தாண்டும் மூலதனம்!

வேண்டாமென்ற பணம் முடிவில் அயர்லாந்து மக்களின் கருவூலத்துக்கே வந்து சேர்ந்தது. இனி எவரேனும் இறையுரிமை என்று முழங்கினால், தோழர்களே, ஒன்று கேளுங்கள்: இலாபம் யாருடைய பெட்டிக்குப் போகிறது? விடை கிடைத்ததும், குரல் யாருடையது என்பதும் விளங்கிவிடும்!