எதுக்கு விடணும்னு தெரியும், எப்படி விடறது?

உலகப் புகையிலை எதிர்ப்பு நாளான மே 31-ஐ ஒட்டி எல்லாக் கல்லூரியிலும் ஏதாவது ஒரு நிகழ்ச்சி நடக்கும். போஸ்டர் போட்டி, என்.எஸ்.எஸ். உறுதிமொழி, கருத்துப்போன நுரையீரல் படத்தோட ஒரு பிபிடி. தம் அடிக்கிறவனும் கடைசி பெஞ்ச்ல உக்காந்து கைதட்டிட்டு, நேரா டீக்கடைக்குப் போவான். ஏன் விடணும்னு அவனுக்கு ஏற்கெனவே தெரியும். எப்படி விடறதுன்னு மட்டும் யாரும் சொல்றதில்ல.

நாம சொல்ற ஒரே வழி, "மனசு வெச்சா விட்டுடலாம் மச்சி". இது பாதி உண்மைதான். நிகோடின் சில விநாடிகள்ல மூளைக்குப் போய், அதுக்கான ஏற்பிகள்ல ஒட்டி டோபமினைத் தூண்டுது. பழகின மூளைக்கு அது கிடைக்கலைன்னா எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல். செமஸ்டர் நேரத்துல விட முயற்சி பண்ணி, மூணாவது நாளே திரும்பவும் பத்த வைக்கிறவனுக்கு மன உறுதி இல்லைன்னு சொல்றது நியாயமில்ல.

இதுக்கு மருந்து இருக்கு. டாக்டர் எழுதிக் கொடுக்கிற வரெனிக்ளின் மாத்திரை அந்த ஏற்பிகள்லயே போய் உக்காந்துக்கும். ஆனா பாதியளவுதான் தூண்டும். ஃபேன் ரெகுலேட்டரை 2-ல வெச்சு லாக் பண்ற மாதிரி. ஏக்கம் அடங்கும், சிகரெட் பிடிச்சாலும் பழைய 'கிக்' வராது. வழக்கமா, விடப்போற தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி ஆரம்பிச்சு 12 வாரம் சாப்பிடணும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற புப்ரோப்பியானும் இதுக்கு உதவும். ஆனா வலிப்பு வர்றவங்களுக்கு அதைக் கொடுக்க மாட்டாங்க. அதனாலதான் நண்பன் சாப்பிட்டதை வாங்கிச் சாப்பிடாம டாக்டரைப் பாக்கணும்.

"அந்த மாத்திரை மனநிலையைக் கெடுக்கும்"னு ஒரு பயம் உண்டு. அது சும்மா கிளம்பின பேச்சு இல்ல. 2009-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இந்த ரெண்டு மருந்துக்கும் அப்படி ஒரு கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. அப்புறம் சுமார் 8,000 பேர்கிட்ட நடந்த ஆய்வுல அந்த ஆபத்து பெரிசா தெரியல. 2016-ல் எச்சரிக்கையை நீக்கிட்டாங்க. வரெனிக்ளினால குமட்டலும் விசித்திரமான கனவுகளும் வரலாம். மனநிலையில ஏதாவது மாற்றம் தெரிஞ்சா டாக்டர்கிட்ட உடனே சொல்லணும். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் ரெண்டையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியல்ல சேர்த்திருக்கு.

இது மந்திர மாத்திரையும் இல்ல. 2023-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, மருந்து இல்லாம 100-க்கு சுமார் 6 பேர் நீண்ட நாளைக்கு விடறாங்க. வரெனிக்ளினோட சுமார் 14 பேர். இரண்டு மடங்குக்கு மேல். ஆனாலும் மிச்சம் 86 பேர் திரும்பவும் முயற்சி பண்ணணும். கூடவே கவுன்சலிங் இருந்தா வாய்ப்பு இன்னும் கூடும்.

சரி, இதுல கல்லூரி என்ன செய்யலாம்? மாட்டினா ஃபைன், ஐடி கார்டு பறிமுதல், அப்பாவுக்கு போன். இப்படி இருந்தா எவன் ஹெல்த் சென்டர் டாக்டர்கிட்ட போய், "சார், விட முடியல"ன்னு சொல்லுவான்? உதவி கேட்டு வர்றவன் பேரு வார்டனுக்குப் போகாதுன்னு ஒரே ஒரு உத்தரவாதம் கொடுங்க. அதுக்கு பட்ஜெட் தேவையில்ல.

இன்னொண்ணு. 1800-11-2356 என்கிற இலவச உதவி எண் சிகரெட் பாக்கெட்லயே அச்சாகியிருக்கு. நம்ம பசங்க லூஸ்லதானே வாங்குறாங்க, எங்க கண்ணுல படும்? அடுத்த மே 31-க்கு நுரையீரல் படத்துக்குப் பதிலா அந்த எண்ணைப் பெரிசா எழுதி ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க.

காய்ச்சலுக்கு மாத்திரை போட்டா யாரும் "மன உறுதி இல்லாதவன்"னு சொல்றதில்ல. இதுக்கும் சொல்ல வேண்டாம்.