கருப்பை நீக்கம் ஒன்றே வழியா?

“பிள்ளைகள் பெற்றாயிற்று, இனி அந்தப் பை எதற்கு? எடுத்துவிட்டால் நிம்மதி.” பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் கருப்பைக் கட்டி கண்டறியப்பட்ட பெண்ணின் காதில் இந்த அறிவுரை எளிதாக வந்து விழுகிறது. மலையாளத்தில் ‘முழ’, தமிழில் ‘கட்டி’, ஸ்கேன் அறிக்கையில் ‘ஃபைப்ராய்டு’. பெயர் எதுவாயினும் இது புற்றுநோய் அல்ல; புற்றாக இருப்பது மிகமிக அரிது. பலருக்கு இது எத்தொந்தரவும் தராமலே இருந்து, மாதவிடாய் நின்றபின் சுருங்கிவிடுகிறது. அத்தகைய கட்டிக்கு அவ்வப்போது பரிசோதனை போதும்.

இரத்தப்போக்கு மிகுந்து சோகை பிடித்தவருக்கு முதலில் வேண்டியது இரும்புச்சத்து. போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமில மாத்திரை உண்டு. கருப்பையின் உட்குழி உருக்குலையாதிருந்தால் லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனை வெளியிடும் கருப்பை உட்சாதனத்தைப் பொருத்தலாம்; அது ஆண்டுக்கணக்கில் பயன்தரும். கருப்பையைக் காக்க விரும்புவோருக்குக் கட்டியை மட்டும் அகற்றும் மயோமெக்டமி இருக்கிறது; மீண்டும் கட்டி வரக்கூடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டிக்குச் செல்லும் இரத்தத்தை அடைக்கும் எம்போலைசேஷன் முறை, இனிக் கருத்தரிக்க விரும்பாதவர்களுக்குப் பெரிதும் பொருந்தும். கருப்பைவாயில் தோன்றும் கட்டி தனி வகை. அரிதான அது சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க்குழாய்களையும் ஒட்டி அமைவதால், அனுபவமிக்க கைகள்தாம் அதைத் தொடவேண்டும்.

இவை பயன்படாத இடத்தில் கருப்பை நீக்கம் நியாயமான சிகிச்சையே. மற்ற வழிகள் சொல்லப்படாமலே அது நிகழ்வதுதான் அநீதி. சூலகங்களையும் சேர்த்து இளவயதிலேயே எடுத்துவிட்டால் மாதவிடாய் நிறுத்தம் ஒரே நாளில் வந்துசேர்கிறது. எலும்புத் தேய்வும் இதயநோயும் பின்தொடர வாய்ப்பு கூடுகிறது.

இந்த அநீதியின் கோர முகத்தை மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் நாடு கண்டது. 2019இல் அங்கு கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், 13,861 பேர் கருப்பை இழந்திருந்தனர். வேலைக்கு வராத நாளுக்கு ஒப்பந்தக்காரர் அபராதம் விதிக்கும் முறையில் மாதவிடாயே கூலியிழப்பாகிவிடுகிறது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களின் தேவையற்ற கருப்பை நீக்கங்கள் குறித்து மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில், 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றிய அரசின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்கவேண்டும் என்றது. மாவட்ட, மாநில, தேசிய அளவில் கண்காணிப்புக் குழுக்கள் அந்நெறிகளின் பகுதி.

கேரளம் பீட் அல்ல. பொது மருத்துவமனை கைக்கெட்டும் தூரத்தில் உள்ள மாநிலம் இது. ஆயினும் பாலராமபுரத்தில் நூல் சுற்றும் பெண்ணுக்கும் தொழிலுறுதித் திட்டத்தில் மண்வெட்டும் பெண்ணுக்கும் ஒவ்வொரு புறநோயாளிச் சீட்டும் ஒருநாள் கூலிதான். காப்பீட்டுத் திட்டங்களின் சாய்வையும் கவனிக்கவேண்டும். காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டமாயினும் தமிழகத்தின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமாயினும், அவை அடிப்படையில் மருத்துவமனையில் படுத்தெழுவதற்கான பணத்தையே தருகின்றன. மாதாமாதம் வாங்கும் மாத்திரை அந்தக் கணக்கில் வருவதில்லை. கத்திக்குப் பணம் உண்டு, பொறுமைக்கு இல்லை! காப்பீட்டையே பொதுச் சுகாதாரம் என்று காட்டுவோருக்கு இது உறைப்பதில்லை.

எல்லை இன்னொரு சுமை. 1956இல் கோடு கிழிக்கப்பட்ட பின்னும் பெண் எடுப்பதும் கொடுப்பதும் நிற்கவில்லை. பாறசாலையில் வாழ்க்கைப்பட்டவளுக்குத் தாய்வீடு களியக்காவிளைக்கு அப்பால் இருக்கலாம். பரிசோதனை ஒருபுறம், குடும்ப அட்டை மறுபுறம், ஒப்புதல் படிவமோ அவள் வாசிக்காத மொழியில். கையெழுத்திடுமுன் எல்லா வழிகளையும் தமிழில் கேட்டறிவது அவள் உரிமை.

பாறசாலை வட்டத் தலைமை மருத்துவமனையிலும் நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையிலும் ஹார்மோன் உட்சாதனமும் இரும்புச்சத்து ஊசியும் கட்டணமின்றிக் கிடைக்கவேண்டும். அறுவை என்று சொல்லப்பட்டால், திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையிலோ ஆசாரிபள்ளத்திலோ இரண்டாவது கருத்துப் பெற வழி வேண்டும். எல்லைப்பகுதிக் கிளைகள் முதலில் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்கட்டும்: திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் கருப்பை நீக்கக் கண்காணிப்புக் குழுக்களில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள்?