திருப்பூரிலிருந்து பார்க்கும் உலகமயம்

ஜவுளி வர்த்தகத்தில் 30 ஆண்டுகள் நீடித்த கோட்டா முறை 2005 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்தது. 1974 முதல் ஏழை நாடுகளின் துணிக்கு அளவு வைத்து வாசலில் நிறுத்தியவை, திறந்த சந்தையை உலகுக்கே போதித்த அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பாவும்தான். அதே 2005இல் தாமஸ் ஃபிரீட்மன், உலகம் தட்டையாகிவிட்டது என்று புத்தகம் எழுதினார். திருப்பூர் அந்த விளக்கத்தை நம்பிக் கடன் வாங்கியது, மெஷின் போட்டது.

இருபது ஆண்டுகளில் விளக்கம் மாறிவிட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது 50 சதவீத வரி விதித்தது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒடிசா இளைஞருக்கும் அந்த எண்ணெய்க்கும் என்ன தொடர்பு? ஆர்டர் நின்றால் முதலில் பறிபோவது அவருடைய ஷிப்ட். முறையிடவும் இடமில்லை. உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம் 2019 டிசம்பரிலிருந்தே முடங்கிக் கிடக்கிறது.

உலகமயமே மீட்சி என்றவர்களும், அதனால் கெட்டோம் என்று இன்று சுவர் எழுப்புகிறவர்களும் ஒரே தலைநகரங்களில் இருந்துதான் பேசுகிறார்கள். எல்லாம் ஏகாதிபத்தியச் சதி என்று நம் சூழலில் நெடுங்காலம் எழுதப்பட்டதும் போதாது. பனியன் கம்பெனிச் சம்பளத்தில் முதன்முறையாகத் தன் கையில் காசு பார்த்த பெண்ணுக்கு அந்த விளக்கத்தில் இடமே இல்லை.

விளக்கங்கள் ஏட்டில் தங்கிவிடுவதில்லை. பையர் தரும் விலையாக, பீஸ் ரேட்டாக, வரி விகிதமாக மாறுகின்றன. நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்தது அதுதான். சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் செலவு எந்த ஆர்டரின் விலையிலும் சேரவில்லை. அந்தச் செலவை ஆறு சுமந்தது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமானது. விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பிறகு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாறியே அவை திறக்க முடிந்தது. அந்தச் செலவும் உள்ளூர்க்காரர்கள் தலையில்தான் விழுந்தது. அந்த நிறத்தை உடுத்தியவர்கள் அதில் ஒரு காசுகூடக் கொடுத்ததாக நாம் நினைக்கவில்லை.

2022இன் திண்டுக்கல் ஒப்பந்தத்தை இந்த இதழ் பெரிதாக மதிப்பது இதனால்தான். ஆலைத் தொழிலாளியான ஓர் இளம் தலித் பெண் கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஏற்றுமதி நிறுவனத்தையும் எச்&எம், கேப் போன்ற பிராண்டுகளையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களுக்குக் கொண்டுவந்தது. பாலியல் வன்முறையையும் சாதி ஒடுக்குமுறையையும் ஆலை அனுமதித்தால் அதன் வணிகம் பாதிக்கப்படும் என்பது அதன் சாரம். உலகச் சந்தையை உதறாமலே, அதன் நிபந்தனையை ஆலைத்தளத்திலிருந்து எழுத முடியும் என்று அந்தப் பெண்கள் காட்டினார்கள்.

இந்தியா இன்று பல நாடுகளுடன் வர்த்தக உடன்பாடு பேசுகிறது. வரி எத்தனை சதவீதம் என்ற பேரத்தோடு சாய நீரின் செலவும் தொழிலாளியின் பாதுகாப்பும் அந்த உடன்பாடுகளில் ஷரத்துகளாக இடம்பெற வேண்டும். அவற்றை எழுதும்போது தொழிற்சங்கங்களும் நொய்யல் விவசாயிகளும் மேசையில் இருக்க வேண்டும். தமிழக அரசு இதைத் தில்லியிடம் கேட்க வேண்டும்.